விழுகிறது, வலிக்கிறது: காதில் மாட்டும் வயர்லெஸ் ஹெட்செட் ஒன்றை மறுபடி வடிவமைத்த கதை – நிகழ்வு ஆய்வு

பின்னணி

சரக்குக் கிடங்கில் குரல் வழிக் கட்டளை கேட்டு வேலை செய்பவர்களுக்கான ஹெட்செட் இது. எந்த அடுக்கு, எத்தனை பெட்டி என்று காதில் சொல்லும். எடுத்து முடித்ததும் அவர்கள் வாயால் எண் சொல்லி உறுதி செய்வார்கள். ஒரு காதில் மட்டும் மாட்டுவது. 8 மணி நேர ஷிப்டில் இடைவேளை போக மற்ற நேரமெல்லாம் காதிலேயே இருக்கும். குனிவது, நிமிர்வது, ஏணி ஏறுவது, சட்டென்று தலையைத் திருப்புவது எல்லாம் உண்டு. ஃபோர்க்லிஃப்ட் ஹாரனும் காதில் விழ வேண்டும் என்பதால் காதை முழுக்க அடைக்கும் வகை ஆகாது. சில பகுதிகளில் ஹெல்மெட் கட்டாயம், எனவே தலைப்பட்டை வகையும் ஆகாது. மிஞ்சியது காது மடலில் கொக்கி போட்டு மாட்டும் வடிவம்தான்.

புழக்கத்தில் இருந்த பதிப்பின் எடை 21 கிராம். அதில் 18 கிராம் காதின் முன்பக்கப் பெட்டியில் இருந்தது: பேட்டரி, சர்க்யூட் போர்டு, ஸ்பீக்கர், 60 மி.மீ. மைக் தண்டு. மீதி 3 கிராம் நைலான் கொக்கியும் அதன் மேல் டி.பி.இ. எனும் ரப்பர் போன்ற பிளாஸ்டிக் உறையும். காதுத்துளையில் நுழையும் சிலிகோன் முனை மூன்று அளவுகளில் தரப்பட்டது.

வந்த புகார்கள் இரண்டே. குனிந்தால் கழன்று விழுகிறது. மாட்டி ஒரு மணி நேரத்தில் காதுக்குப் பின்னால் வலிக்கிறது. விழுகிறது என்றவர்களுக்காகக் கொக்கியை இறுக்கி ஒரு திருத்தம் வந்தது. வலி என்றவர்களுக்காக அதைத் தளர்த்தி அடுத்த திருத்தம் வந்தது. இரண்டாலும் புகார் குறையவில்லை. அதன்பின்தான் வேலை ஒரு சிறு குழுவிடம் வந்தது. அதில் ஒரு பொருள் வடிவமைப்பாளர், ஓர் இயந்திரப் பொறியாளர், ஓர் ஒலியியல் பொறியாளர் இருந்தார்கள். செவித்திறன் நிபுணர் ஒருவர் பகுதி நேரமாக உதவினார்.

முதலில் கவனித்தவை

குழு உடனே வரைபடத்தில் கை வைக்கவில்லை. புகார் சொன்னவர்களின் பழைய ஹெட்செட்டுகளை வாங்கிப் பார்த்தது. பல கொக்கிகளில் மருத்துவ டேப் சுற்றியிருந்தது. சுற்றிய இடம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றே: கொக்கியின் வால் நுனி, கடைசி 15 மி.மீ. சிலவற்றில் டி.பி.இ. உறை பிசுபிசுத்து, விரலில் ஒட்டியது. தோல் எண்ணெயும் சன்ஸ்கிரீனும் பட்டு மென்மையாகிப் போன உறை அது.

புகார்களைத் தேதி வாரியாக அடுக்கியபோது இன்னொன்று தெரிந்தது. வலிக்கிறது என்றவர்களும் விழுகிறது என்றவர்களும் வெவ்வேறு காதுக்காரர்கள் என்றே அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். பல இடங்களில் ஆள் ஒருவரேதான். புது ஹெட்செட் கிடைத்த முதல் வாரங்களில் வலி என்றவர், சில மாதம் கழித்து விழுகிறது என்றிருந்தார். நைலான் ஈரத்தை உறிஞ்சும்; தொடர்ந்து வளைந்த நிலையில் வைத்தால் மெல்ல மெல்ல இறுக்கத்தை இழக்கும். வியர்வையும் உடல் சூடும் சேர்ந்தால் இது விரைவாகும். ஆக, ஒரே கொக்கி முதலில் அளவுக்கு மீறி இறுக்கியது, பிறகு அளவுக்கு மீறித் தளர்ந்தது.

எங்கே தொடுகிறது என்று பார்க்க எளிய சோதனை ஒன்று போதுமானதாக இருந்தது. நிறச் சாக்குக்கட்டிப் பொடியைக் குழைத்து, கொக்கியின் உட்பக்கத்தில் மெல்லிய பூச்சாகத் தடவி, உலர்ந்தபின் மாட்டச் சொன்னார்கள். கொஞ்சம் நடந்து, குனிந்து, திரும்பியபின் கழற்றினால் எங்கே பூச்சு அழிந்திருக்கிறதோ அங்கேதான் கொக்கி தோலைத் தொட்டிருக்கிறது. பெரும்பாலானவர்களிடம் இரண்டே இடங்களில் அழிந்திருந்தது. ஒன்று, காது மடலும் தலையும் சேரும் மேல்மடிப்பில் ஒரு கோடு. இன்னொன்று, வால் நுனியில் ஒரு புள்ளி. நடுவில் பூச்சு அப்படியே இருந்தது. வளைவு முழுக்கக் காதைத் தழுவுகிறது என்று வரைபடம் சொன்னது. உண்மையில் அது இரண்டு முனையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மெல்லிய விசை உணரியை மேல்மடிப்பில் வைத்து அளந்தபோது, புதுக் கொக்கியின் விசை நடுத்தர அளவுக் காதில் சுமார் 0.6 நியூட்டன். சிறிய விசைதான். ஆனால் அது இறங்கிய பரப்பு சுமார் 20 சதுர மி.மீ. மட்டுமே. அழுத்தம் 30 கிலோபாஸ்கல் ஆகிறது. தோலின் நுண்குழாய்களில் இரத்தம் தடைபடத் தொடங்கும் அழுத்தத்துக்குத் தோராய வழிகாட்டியாகப் பல காலமாகச் சொல்லப்படும் எண் 32 மி.மீ. பாதரசம், அதாவது 4.3 கிலோபாஸ்கல். அந்த எண்ணை எல்லைக்கோடாகப் பிடித்துக்கொள்ள முடியாது. ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும். ஆனால் அதைப்போல் ஏழு மடங்கு என்றால் விவாதிக்க ஒன்றுமில்லை. காது மடலில் தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே கொழுப்பு மிகக் குறைவு. அழுத்தத்தைத் தாங்கிப் பரப்ப அங்கே எதுவும் கிடையாது.

ஏன் அவ்வளவு இறுக்கம் தேவைப்பட்டது

எடை மையத்தைப் பார்க்காமல் இறுக்கத்தைப் பற்றிப் பேசியதுதான் முந்தைய திருத்தங்களின் கோளாறு என்று குழு முடிவுக்கு வந்தது. மேல்மடிப்பைச் சுழல் மையமாகக் கொண்டால், 18 கிராம் பெட்டியின் எடை அதற்கு 16 மி.மீ. முன்னால் நின்றது. 288 கிராம்-மி.மீ. திருப்புவிசை ஓயாமல் ஹெட்செட்டை முன்பக்கம் சாய்க்கப் பார்க்கும். சும்மா நிற்கும்போது இது பெரிதில்லை. ஏணியிலிருந்து குதித்து இறங்கும்போதோ தலையைச் சுழற்றும்போதோ பல மடங்காகும். அதை எதிர்க்க வால் நுனி காதின் பின்புறத்தை அமுக்கிப் பிடித்தாக வேண்டும். டேப் சுற்றியிருந்த இடமும் அதுவே. வலியும் விழுவதும் இறுக்கம் என்ற ஒரே திருகின் இரு முனைகள் என்று நினைத்துக்கொண்டிருந்தது தவறு. இரண்டுக்கும் மூலம், பெட்டி முன்னால் தொங்கியதுதான்.

மைக் விஷயமும் இங்கேயே வருகிறது. பெட்டி 10 பாகை சாய்ந்தால் 60 மி.மீ. தண்டின் நுனி 10 மி.மீ.க்கு மேல் இறங்கிவிடும். குரல் அறிதல் தடுமாறி, எண்ணைத் திரும்பச் சொல்லச் சொல்லும். வேலை செய்பவர் விரலால் பெட்டியை மேலே தள்ளிக்கொள்வார், காதுமுனையை உள்ளே அமுக்குவார். வலிக்கு இதுவும் கொஞ்சம் சேர்ந்தது.

எடுத்த முடிவுகள்

*பேட்டரி காதுக்குப் பின்னால்.* 3.7 வோல்ட், 120 மில்லியாம்பியர்-மணி பேட்டரியை (மெல்லிய பை போன்ற உறையில் அடைத்த வகை) கொக்கியின் வால் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். பேச்சின்போது சராசரியாக 12 மில்லியாம்பியர் இழுத்தால் 8 மணி நேரத்துக்கு 96 மில்லியாம்பியர்-மணி ஆகிறது. பேட்டரி வயதாகும்போது கொள்ளளவு குறையும் என்பதால் மிச்சம் தேவை. முன்பெட்டி 10 கிராமாகக் குறைந்து, மையத்திலிருந்து 15 மி.மீ. முன்னால் நின்றது. பின்பெட்டி 5.5 கிராம், 14 மி.மீ. பின்னால். கொக்கி 2.5 கிராம். மொத்தம் 18 கிராம். திருப்புவிசை 150-லிருந்து 77 போக 73 கிராம்-மி.மீ.; பழையதில் கால் பங்கு. மொத்த எடையில் குறைந்தது 3 கிராம்தான். எடையை எப்படியாவது குறை என்ற வற்புறுத்தல் இந்த மாதிரி வேலைகளில் அதிகம் கேட்கும். இங்கே பலன் தந்தது எடை நின்ற இடம்.

முழுச் சமன் செய்யலாமே என்ற கேள்வி எழுந்தது. வேண்டாம் என்று விட்டார்கள். முன்பக்கம் லேசான சாய்வு இருந்தால்தான் காதுமுனை துளையின் வாயில் அமர்ந்து நிற்கும். பின்பக்கம் கனத்தால் முனை வெளியே தள்ளப்படும்.

*கொக்கியின் கம்பி.* மூன்று வழிகள் இருந்தன. மென்மையாகப் பதப்படுத்திய எஃகுக் கம்பி அவரவர் காதுக்கு வளைத்துக்கொள்ள உதவும். ஆனால் திரும்பத் திரும்ப வளைத்தால் அதே இடத்தில் கடினமாகி ஒருநாள் முறியும். எஃகு ஸ்பிரிங் கம்பி இறுக்கம் இழக்காது, ஆனால் விரிய விரிய விசையும் நேர்விகிதத்தில் ஏறும். சிறு காதில் தளர்வு, பெரிய காதில் வலி. மூன்றாவது நிட்டினால், அதாவது நிக்கல்-டைட்டானியக் கலவை. உடல் வெப்பத்தில் மீமீள் நிலையில், அதாவது நிறைய வளைத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் நிலையில், இருக்கும்படி தேர்ந்தால், ஓரளவு விரிந்தபின் அதன் விசை அதிகம் ஏறாமல் ஏறக்குறைய சமமாக நிற்கும். பல அளவுக் காதுக்கும் ஒரே கொக்கி என்றால் இந்தக் குணம்தான் வேண்டும். அதையே தேர்ந்தெடுத்தார்கள்.

மாதிரிகளை மட்டும் எஃகில் செய்தார்கள். நிட்டினாலைக் குளிர்நிலையில் வளைத்தால் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். அச்சில் கட்டி 500 பாகை செல்சியஸ் அளவில் சூடேற்றித்தான் வடிவம் கொடுக்க முடியும். ஒவ்வொரு யோசனைக்கும் அச்சு செய்துகொண்டிருந்தால் வேலை ஓடாது. எஃகு மாதிரிகளில் 0.7, 0.8 மி.மீ. விட்டங்களைப் பார்த்தபோது 0.8 உடனே நிராகரிக்கப்பட்டது. கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், எனவே 0.1 மி.மீ. வித்தியாசம் 1.7 மடங்கு விறைப்பு. கையில் பிடித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், காது உடனே சொல்லிவிடும்.

*உறையின் வடிவம்.* கம்பியின் மேல் ஷோர் ஏ 40 கடினத்துவச் சிலிகோன் வார்க்கப்பட்டது (ஷோர் ஏ என்பது ரப்பர் வகைகளின் கடினத்தை அளக்கும் அளவுகோல்; எண் குறைந்தால் மென்மை). பழைய உருண்டைக் குறுக்குவெட்டுக்குப் பதில், காதின் பின்புறத்தில் 5 மி.மீ. அகலத் தட்டை முகம். மேல்மடிப்பில் மட்டும் தடிமன் 2.5 மி.மீ. ஏனென்றால் கண்ணாடிக் காம்பும் அதே மடிப்பில்தான் உட்காரும். கொக்கி காம்பின் மேல் ஏறாமல் அதன் வெளிப்பக்கத்தில் ஒட்டி நிற்கும்படி வளைவு மாற்றப்பட்டது. விசை 0.35 நியூட்டன், தொடும் பரப்பு சுமார் 90 சதுர மி.மீ., அழுத்தம் 4 கிலோபாஸ்கலுக்குச் சற்றுக் குறைவு.

நிட்டினாலில் சிலிகோன் சரியாக ஒட்டாது. வெறும் கம்பியின் மேல் வார்த்த முதல் மாதிரிகளில் சில நாட்களில் கம்பி நுனி உறையைத் துளைத்து எட்டிப்பார்த்தது. நுனியில் சிறு எஃகுக் குழாய் நசுக்கிப் பொருத்தி, ஒட்டுதலைக் கூட்டும் பிரைமர் தடவி வார்த்தபின் நின்றது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களை நினைத்தால் இது அழகுப் பிரச்சினை அல்ல. கம்பி தோலைத் தொடவே கூடாது. தோலில் படும் பொருள்கள், உடலோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் ஐ.எஸ்.ஓ. 10993 தர வரிசைப்படி சோதிக்கப்பட்டன.

*காதுமுனை.* பழைய முனை துளைக்குள் ஆழமாகப் போய்ப் பிடித்துக்கொள்ளப் பார்த்தது. காதுக்குழாயின் வெளிப்பகுதி குருத்தெலும்பு. பேசும்போதும் மெல்லும்போதும் தாடை அசைய, குழாயின் முன்சுவரும் அசையும். ஒவ்வொரு அசைவிலும் முனை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். இவர்கள் நாள் முழுக்க எண் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் வேறு. இறுக்கி அடைத்தால் சொந்தக் குரல் தலைக்குள் குமுறும். எனவே முனை துளையின் வாயோடு நிறுத்தப்பட்டது, பக்கவாட்டில் காற்றுத் துளை விடப்பட்டது. பாஸ் ஒலி கசிந்து போகும், உண்மைதான். ஆனால் இங்கே வருவது பேச்சு. தொலைபேசியின் பழைய 300–3400 ஹெர்ட்ஸ் பட்டையிலேயே பேச்சு புரியும், இதில் இருப்பது அதைவிட அகலமான பட்டை.

பிடிப்புக்கு, காது மடலின் கிண்ணக்குழி (துளையைச் சுற்றியுள்ள பள்ளம்) மேல்பகுதியில் மடிப்பின் அடியில் செருகி நிற்கும் மென்மையான சிலிகோன் வளையம் சேர்ந்தது, ஷோர் ஏ 30. அது சிறிதானால் பெட்டி சுழலும், பெரிதானால் மடிப்பின் விளிம்பில் வலிக்கும். மூன்று அளவுகள். சந்தேகம் வந்தால் சிறியதையே எடு என்று பொருத்துபவர்களுக்குச் சொல்லப்பட்டது. பழைய பழக்கத்தில் எல்லோரும் பெரியதையே எடுத்தார்கள்.

*உயரச் சறுக்கல்.* காதுக்குக் காது அதிகம் மாறிய அளவு, மேல்மடிப்பிலிருந்து துளையின் மையம் வரையுள்ள உயரம். பழைய பதிப்பில் அதைச் சரிசெய்ய வழியே இல்லை. இப்போது 2 மி.மீ. படிகளில் 8 மி.மீ. நகரும் சறுக்கல் வந்தது. உயரம் அதிகமாக வைத்தால் கொக்கி மடிப்பைத் தொடாமல் காற்றில் நின்று, சுமை முழுக்கக் கிண்ணக்குழியில் இறங்கும். குறைவாக வைத்தால் முனை துளைக்கு மேலே இடிக்கும். சரியான படியில், காதுமுனையை விட்டுவிட்டால் கொக்கி மட்டும் மடிப்பில் லேசாகத் தொட்டு நிற்க வேண்டும்.

*வலது, இடது தனித்தனியாக.* ஒரே ஹெட்செட்டை இரு காதுக்கும் திருப்பிப் போட முன்பு ஒரு சுழல் மூட்டு இருந்தது. அதன் ஆட்டம் மைக் தண்டைத் தொங்கவைத்தது. கொக்கிக்குள் பேட்டரி வயர் போகும்போது அந்த மூட்டு இன்னும் சிக்கல். மூட்டை எடுத்துவிட்டு இரு வடிவங்களாகச் செய்தார்கள். இருப்புச் செலவு கூடியது. நடு ஷிப்டில் காது மாற்றி ஆறுதல் தேடும் வசதியும் போனது. இது சின்ன இழப்பு அல்ல.

பின்பு நடந்தவை

முழு ஷிப்ட் சோதனைக்குப் போனபோது பொருத்தத்தைவிட மின்சாரப் பக்கம்தான் முதலில் தகராறு செய்தது.

சில கொக்கிகளில் மின்சாரம் விட்டு விட்டு வந்தது. திறந்து பார்த்தால், முன்பெட்டியின் வாயில், மென்மையான சிலிகோன் முடிந்து கடின பிளாஸ்டிக் தொடங்கும் அதே கோட்டில் வயரின் இழைகள் அறுந்திருந்தன. மாட்டும்போது எல்லோரும் கட்டைவிரலால் கொக்கியை விரிக்கிறார்கள். வளைவு முழுக்க அந்த ஒரு கோட்டில் குவிகிறது. மூன்று மாற்றங்கள் செய்யப்பட்டன. வயரை நிட்டினால் கம்பியைச் சுற்றிச் சுருளாகப் போட்டார்கள்; நேராகப் போன வயர் நீளும், சுருள் அதிகம் நீளாது. சிலிகோனைப் பெட்டிக்குள் 6 மி.மீ. வரை மெலிந்துபோகும் பாவாடையாக நீட்டினார்கள். பெட்டி வாயின் விளிம்பு ஆரத்தை 0.2-லிருந்து 1.5 மி.மீ. ஆக்கினார்கள். நாளுக்கு 8 முறை மாட்டிக் கழற்றினால், ஆண்டுக்கு 250 வேலை நாள் வீதம் 2 ஆண்டில் 4000 முறை. விரிப்புச் சோதனை 10,000 முறை வைக்கப்பட்டது, கம்பி தாங்கியது.

அடுத்தது சிக்னல். முன்பெட்டியிலிருந்து பேட்டரி போனதும் ஆன்டெனாவைத் தலையிலிருந்து தள்ளி வைக்க இடம் கிடைத்தது; இணைப்பு மேம்படும் என்றே எதிர்பார்த்தார்கள். சிலருக்கு மோசமானது. காரணம் கொக்கிக்குள் போகும் பேட்டரி வயர். புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12 செ.மீ., பாதி 6 செ.மீ. வயரின் நீளமும் அதற்குப் பக்கத்தில்தான். ஆக அது இரண்டாவது ஆன்டெனாவாக நடந்துகொண்டு, காதை ஒட்டியே கிடந்து ஆற்றலைத் தோலுக்குக் கொடுத்தது. வயரின் இரு முனையிலும், இரண்டு இழைகளிலும், அந்த அதிர்வெண்ணில் அதிக மறிப்பு தரும் சிறு மின்தூண்டிகளை வைத்ததும் அடங்கியது. ஹெட்செட்டோடு புளூடூத்தில் இணையும், இடுப்பில் கட்டும் கருவியை ஹெட்செட் இருக்கும் பக்கமே கட்டச் சொன்னதும் உதவியது. குறுக்கே உடல் வந்தால் இந்த அலைவரிசை நன்றாகவே தடைபடும்.

வியர்வையால் சார்ஜ் முனைகள் பச்சை பூத்தன. சார்ஜரில் இல்லாதபோதும் அவற்றில் மின்னழுத்தம் நின்றதே காரணம். உப்புநீரோடு நேர்மின்னழுத்தம் சேர்ந்தால் தங்க முலாம் நாள் தாங்காது. சார்ஜர் வைத்தால் மட்டும் முனைகள் இணையும்படி ஒரு சுவிட்ச் சேர்க்கப்பட்டது, முனைகள் தோல் படாத வெளிப்பக்கத்துக்கு மாறின.

பொருத்தத்தில், கழற்றியதும் மேல்மடிப்பில் தெரிந்த சிவப்புத் தடம் பெரும்பாலானவர்களுக்கு அரை மணி நேரத்துக்குள் மறைந்தது. பழையதில் அது வீட்டுக்குப் போகும்வரை இருந்தது. சாக்குப்பொடிப் பூச்சு இப்போது கொக்கியின் பின்முகம் முழுக்கச் சீராக அழிந்தது. குனிந்து விழுவது ஏறக்குறைய நின்றது. மைக் நகராததால் எண்ணைத் திரும்பச் சொல்வதும் குறைந்தது. கண்ணாடி அணிபவர்களிடம் ஒரு குறை மிஞ்சியது: அணிந்திருக்கும்போது தொல்லை இல்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றும்போது காம்பு கொக்கியையும் இழுத்துக்கொண்டு வந்தது. தடித்த காம்பு என்றால் கட்டாயம் வரும்.

காது மடல் தலையோடு ஒட்டினாற்போல் இருப்பவர்களுக்குப் பின்பெட்டி உட்கார இடமே இல்லை. அது மடலை வெளியே தள்ளி, மதியத்துக்குள் வலித்தது. அவர்களுக்கு இந்த வடிவம் ஒத்துவராது என்று ஏற்றுக்கொண்டு, ஹெல்மெட் தேவைப்படாத பகுதியில் வேலையும் தலைப்பட்டை வகையும் தரப்பட்டன. மடல் விளிம்பில் துளையிட்டு அணி போட்டவர்களுக்குச் சிலிகோன் வளையம் இல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். கொக்கியும் உயரச் சறுக்கலும் மட்டுமே பாதிப் பேருக்குப் போதுமாக இருந்தது.

மாற்ற வேண்டியவை

காது அச்சு எடுத்த முறை முதலில் மாற வேண்டும். செவித்திறன் நிபுணர் நூல் கட்டிய பஞ்சு அடைப்பைக் குழாய்க்குள் வைத்து, இரு பாகச் சிலிகோன் ஊற்றி அச்சு எடுத்தார். குழாயும் கிண்ணக்குழியும் அதில் துல்லியமாக வந்தன. ஆனால் கொக்கி நிற்பது காதுக்குப் பின்னால். அந்த இடம் அச்சில் வரவே வராது. மடலுக்கும் மண்டைக்கும் இடையேயுள்ள இடைவெளியை முதலிலேயே ஸ்கேன் செய்திருந்தால், ஒட்டிய காதுக்காரர்கள் இறுதிச் சோதனையில் வந்து நிற்க வேண்டியிருக்காது. அச்சு எடுக்கும்போது வாயைத் திறந்த நிலையில் ஒன்றும் மூடிய நிலையில் ஒன்றும் எடுப்பதும் தேவை.

வசதியை ஐந்து நிமிடத்தில் கேட்கக் கூடாது. இறுக்கமான மாதிரிதான் முதல் ஐந்து நிமிடத்தில் நன்றாக நிற்பதாகத் தோன்றி, அதிக மதிப்பெண் வாங்கியது. ஒன்றரை மணி நேரத்துக்குப் பின் வரிசை தலைகீழானது. மதிப்பெண்ணுக்கு முன், எங்கே உணர்கிறீர்கள் என்று காது படத்தில் தொட்டுக் காட்டச் சொன்னபோது கிடைத்த தகவல்தான் வரைபடத்தை மாற்றப் பயன்பட்டது.

கண்ணாடி, முகக்கவசம், ஹெல்மெட் பட்டை மூன்றையும் மாட்டும் வரிசையோடும் கழற்றும் வரிசையோடும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

பேட்டரி பற்றிய யோசனை ஒன்று அடுத்த பதிப்புக்காக நிற்கிறது. வலது, இடது தனித்தனி என்றான பிறகு, ஒருவருக்கு இரண்டையும் கொடுத்து, மதிய இடைவேளையில் மாற்றிக்கொள்ளச் சொல்லலாம். ஒன்று காதில் இருக்கும்போது மற்றது சார்ஜில் இருக்கும். பேட்டரி பாதி போதும், பின்பெட்டி மெலியும், ஒட்டிய காதுகளில் சிலவற்றுக்கு இடம் கிடைக்கும், காதுக்கும் அரை நாள் ஓய்வு. முன்பெட்டி 10 கிராமிலேயே நின்றால் சமன் மறுபடி முன்பக்கம் சாயும் என்பதால், மைக் தண்டையும் ஸ்பீக்கரையும் சுருக்காமல் இதை மட்டும் செய்ய முடியாது. அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை.